செயற்கைக்கோள் மழைத் தரவை வைத்து உங்கள் ஊர் முன்னறிவிப்பைத் திருத்துவது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

மன்னார்குடி பக்கம் ஒரு விவசாயிகள் குழுவுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தினமும் மழைக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன். சம்பா நாற்றுக்கு உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா, வடிகால் வெட்டி வைக்கலாமா என்பதுதான் அவர்கள் கேட்பது. இணையத்தில் கிடைக்கும் முன்னறிவிப்பை அப்படியே எடுத்து அனுப்பினால் எங்கள் ஊருக்கு அடிக்கடி தப்பியது. செயற்கைக்கோள் மழைத் தரவை வைத்து அதைச் சரிசெய்யலாம் என்று படித்துவிட்டு இறங்கினேன். முதல் பருவம் முழுக்க வீண், காரணம் எல்லாமே சின்னச் சின்னத் தவறுகள். நீங்களாவது ஒரு வாரத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் எக்செல், கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும்.

1. முதலில் எது நடக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

செயற்கைக்கோள் மழைத் தரவு முன்னறிவிப்பு அல்ல. பெய்து முடிந்த மழையின் மதிப்பீடு. அதை நேரடியாக வானிலை மாதிரிக்குள் (முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி நிரல்) ஊட்டி முன்னறிவிப்பைக் கூர்மையாக்கும் வேலை நொய்டாவில் உள்ள தேசிய மையம் போன்ற இடங்களில் பெரிய கணினிகளில் நடக்கிறது, அது நம் வீட்டு மடிக்கணினிக்கு ஆகாது. நம்மால் முடிவது வேறு: ஏற்கெனவே வந்த முன்னறிவிப்புகளைப் பெய்த மழையோடு ஒப்பிட்டு, நம் ஊர் விஷயத்தில் மாதிரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடித்து, அடுத்த முன்னறிவிப்பில் அந்தச் சாய்வைக் கழித்துவிடுவது.

இன்னொன்று. "அடுத்த இரண்டு மணி நேரத்தில் மழை வருமா" என்பதற்கு இது உதவாது. நாம் பயன்படுத்தப்போகும் தரவில் வேகமானதே சுமார் 4 மணி நேரம் தாமதமாகத்தான் வரும். அதற்கு சென்னை, காரைக்கால் ரேடார் படங்களைப் பாருங்கள்.

2. கணக்குத் தொடங்குதல் (செலவு: இல்லை, நேரம்: 15 நிமிடம், அல்லது என்னைப் போல் இரண்டு நாள்)

நாம் எடுக்கப்போவது நாசாவின் இமெர்ஜ் தரவு. நாசாவும் ஜப்பானின் ஜாக்சாவும் சேர்ந்து நடத்தும் ஜிபிஎம் என்ற உலக மழை அளவீட்டுத் திட்டத்தில் பல செயற்கைக்கோள்களின் அளவீடுகளைக் கலந்து, அரை மணிக்கு ஒருமுறை, 0.1 பாகைக் கட்டங்களாகத் தருவது. இதற்கு எர்த்டேட்டா என்ற இலவசக் கணக்கு வேண்டும். மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், அடையாள அட்டை எதுவும் கேட்க மாட்டார்கள்.

கணக்கு தொடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சுயவிவரப் பக்கத்தில் "அப்ளிகேஷன்ஸ்" என்ற பகுதிக்குப் போய், ஜெஸ் டிஸ்க் தரவுக் காப்பகத்துக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பதிவிறக்கினால் பிழைச் செய்தி வராமலும் போகலாம், கோப்பு இறங்கியது போலவே இருக்கும். திறந்தால் ஒன்றும் வராது. கோப்பின் அளவைப் பாருங்கள்: சில எம்பி இருக்க வேண்டியது சில கேபிதான் இருந்தால், இறங்கியது மழைத் தரவு அல்ல, உள்நுழைவுப் பக்கம். நான் அப்படி நாற்பது உள்நுழைவுப் பக்கங்களை அழகாகத் தேதி போட்டுச் சேமித்து வைத்திருந்தேன்.

நிரல் மூலம் எடுப்பவர்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நெட்-ஆர்சி என்ற சிறு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸில் அந்தப் பெயர் புள்ளிக்குப் பதில் கீழ்க்கோட்டோடு தொடங்கும். கடவுச்சொல்லில் விசித்திரமான குறிகளைத் தவிருங்கள், சில நிரல்கள் அதில் தடுமாறும். கடவுச்சொல்லுக்குப் பதில் டோக்கன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது 60 நாளில் காலாவதியாகும். அக்டோபர் முதல் தேதி எடுத்த டோக்கன் நவம்பர் கடைசியில், அதாவது மழை உச்சத்தில் இருக்கும்போது, செத்துப்போகும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

3. மூன்று ஓட்டங்களில் எது?

இமெர்ஜ் மூன்று விதமாக வருகிறது. "எர்லி" சுமார் 4 மணி நேரத்தில், "லேட்" சுமார் 14 மணி நேரத்தில், "ஃபைனல்" மூன்றரை மாதத்துக்கு மேல் கழித்து. ஃபைனலில் மட்டும் நிலத்தில் உள்ள மழைமானிகளின் மாதாந்திரக் கணக்கை வைத்துத் திருத்தியிருப்பார்கள்.

பழைய பருவங்களை ஒப்பிட ஃபைனல். அன்றாடம் என்ன நடந்தது என்று பார்க்க எர்லி. இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். அதேபோல் பதிப்பு எண்ணையும் பாருங்கள், இப்போது இருப்பது 7-ஆம் பதிப்பு. பழைய வழிகாட்டிகளில் 6-ஆம் பதிப்புக்கான நிரல் இருக்கும், அதில் மழை மாறியின் பெயரே வேறு. நகலெடுத்து ஒட்டினால் ஓடாது.

4. பதிவிறக்கம்: உலகம் முழுவதையும் இறக்காதீர்கள்

ஒரு நாளுக்கு 48 கோப்பு, ஓர் ஆண்டுக்கு 17,520 கோப்பு, ஒவ்வொன்றிலும் உலகம் முழுவதன் மழை. நமக்கு வேண்டியது டெல்டாவும் பக்கத்துக் கடலும் மட்டும். ஜெஸ் டிஸ்க் பக்கத்திலேயே பகுதியை வெட்டி எடுக்கும் வசதி இருக்கிறது. அட்சரேகை 9 முதல் 13 வரை, தீர்க்கரேகை 78 முதல் 83 வரை என்று கொடுத்தேன். கடலை ஏன் சேர்த்தேன் என்பது 8-ஆம் படியில் புரியும். கூகுள் எர்த் எஞ்சினிலும் இதே தரவு இருக்கிறது. லாப நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம், ஆனால் முதலில் ஒரு கிளவுட் திட்டத்தைப் பதிவுசெய்து எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

உங்கள் கட்டத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. மன்னார்குடி தோராயமாக 10.67 வடக்கு, 79.45 கிழக்கு. தீர்க்கரேகையோடு 180 கூட்டி 0.1-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் 2594. அட்சரேகையோடு 90 கூட்டி அதேபோல் செய்தால் 1006. பூஜ்யத்திலிருந்து எண்ணும் வரிசையில் இதுதான் நம் கட்டம். கவனம்: அரைமணிக் கோப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் வரும். வரைபடம் வரைந்து இந்தியா பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால் பயப்படாதீர்கள், அணியைத் திருப்பிப் போடுங்கள். வெட்டி எடுத்த கோப்பில் வரிசை எண் புதிதாகத் தொடங்கும், அங்கே ரேகை மதிப்பை வைத்துத் தேடுவதுதான் பாதுகாப்பு.

-9999.9 என்று ஒரு மதிப்பு வரலாம். அது தரவு இல்லை என்பதற்கான குறி. அதையும் சேர்த்துக் கூட்டினால் மழை மைனஸில் போகும், அது நல்லது, உடனே தெரிந்துவிடும். அதைப் பூஜ்யம் ஆக்கிவிடுவதுதான் ஆபத்து, மழை பெய்யவில்லை என்பதும் தரவு இல்லை என்பதும் ஒன்றாகிவிடும்.

5. கடிகாரமும் அலகும் (இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்)

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

அரைமணிக் கோப்பில் இருப்பது மில்லிமீட்டர் அல்ல, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம். அந்த அரை மணியில் பெய்த மழை வேண்டுமென்றால் பாதியாக்க வேண்டும். 48 மதிப்புகளையும் அப்படியே கூட்டினால் இரட்டிப்பு மழை வரும். நான் கூட்டினேன். "நேற்று நம்ம பக்கம் 8 சென்டி" என்று குழுவில் போட்டேன். மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கும் ஒரு பெரியவர், "தம்பி, என் குவளையில நாலு சென்டிகூட இல்லையே, உங்க செயற்கைக்கோள் எந்த ஊர்ல நனைஞ்சுது?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் எதுவும் போடவில்லை.

அடுத்தது நேரம். இமெர்ஜ் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அதாவது யூடிசியில் 3 மணி முதல் 3 மணி வரை. இமெர்ஜில் தயாராகக் கூட்டிய தினசரிக் கோப்பும் உண்டு, ஒரே கோப்பு, சுலபம், ஆனால் அது யூடிசி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, நமக்கு காலை 5.30 முதல் 5.30. மூன்று மணி நேரம்தானே என்று விடாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் கடலோரத்துக்கு விடியற்காலையில்தான் அடிக்கடி மழை கொட்டும். 6 மணிக்குக் கொட்டிய மழை ஒரு கணக்கில் நேற்று, இன்னொரு கணக்கில் இன்று என்று ஆகிவிடும். அதனால் அரைமணிக் கோப்பையே எடுத்து நீங்களே கூட்டுங்கள். கோப்புப் பெயரில் தொடக்க நேரம் 030000 என்று இருப்பதில் ஆரம்பித்து, மறுநாள் 023000 வரை, மொத்தம் 48.

தேதிப் பொறி இன்னொன்று: வானிலைத் துறை 18-ஆம் தேதி வெளியிடும் மழை அளவு 17-ஆம் தேதி காலை 8.30-லிருந்து பெய்தது. 2023 டிசம்பர் 18 என்று பதிவான காயல்பட்டினம் 95 செ.மீ. மழையில் பெரும்பகுதி 17-ஆம் தேதியில் பெய்ததுதான். உங்கள் பட்டியலில் முடியும் தேதியைப் போடுவதா தொடங்கும் தேதியைப் போடுவதா என்று முதல் நாளே முடிவுசெய்து, எல்லாத் தரவுக்கும் அதையே வையுங்கள்.

6. நிலத்து அளவு: மழைமானி, மனு, ரூ.10

செயற்கைக்கோளை மட்டும் வைத்து முன்னறிவிப்பைத் திருத்தாதீர்கள். அதற்கும் சாய்வு உண்டு. குறைந்தது ஒரு நல்ல மழைமானியின் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும்.

சொந்தமாக வைப்பதென்றால், அளவுகோல் போட்ட பிளாஸ்டிக் மழைமானி சில நூறு ரூபாயில் கிடைக்கும். பக்கத்தில் உள்ள மரம், சுவர் இவற்றின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் 8.30-க்கு எழுதுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். காலி என்றால் பார்க்க மறந்த நாள்.

பழைய கணக்குக்கு மூன்று வழி:

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் நிலையவாரியாக மழை அளவை வெளியிடுகிறது. அன்றன்றைக்குச் சேமித்து வைத்தால் செலவில்லை. பருவம் முடிந்தபிறகு தேடாதீர்கள்.

புனேயில் உள்ள வானிலைத் துறை அலுவலகத்தின் 0.25 பாகைக் கட்ட மழைத் தரவு 1901 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மழைமானிகளிலிருந்து கணக்கிட்ட கட்டம், ஆண்டுக்கு ஒரு கோப்பு. பைத்தானில் ஐஎம்டிலிப் என்ற தொகுப்பு இதை நேராக இறக்கித் தரும். முதலில் இதையே எடுங்கள். குறிப்பிட்ட நிலையத்தின் தரவுதான் வேண்டும் என்றால் அவர்களுடைய தரவு வழங்கல் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் உண்டு. மாணவர்கள் கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

மூன்றாவது வழி, வருவாய்த் துறை பராமரிக்கும் மழைமானிகளின் பதிவேடு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் ரூ.10, நீதிமன்ற வில்லையாக ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2. என் முதல் மனுவில் "கடந்த ஐந்து ஆண்டுகளின் சராசரி மழையும் அதிக மழை பெய்த நாட்களின் பட்டியலும்" கேட்டேன். அவ்வாறு தொகுத்து வைக்கப்படவில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி, இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், நமக்காகப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. இரண்டாவது மனுவில் "இன்ன மழைமானி நிலையத்தின் தினசரி மழைப் பதிவேட்டின் நகல், 1.10.2022 முதல் 31.12.2022 வரை" என்று எழுதினேன், வந்தது. 30 நாளில் பதில் வராவிட்டால், அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ஆக, ஜூலையிலேயே மனுப் போட்டால்தான் அக்டோபருக்குள் கையில் இருக்கும்.

7. பழைய முன்னறிவிப்பைச் சேகரித்தல்

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற வானிலை மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, 0.25 பாகை, இலவசம். ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் தரவும் இப்போது திறந்துவிடப்பட்டிருக்கிறது. மூலக் கோப்புகளோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் ஓப்பன்-மீட்டியோ என்ற இணையச் சேவையில் எடுக்கலாம், வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குக் கட்டணமும் கணக்கும் வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய பொறி. அதில் "ஹிஸ்டாரிகல் ஃபோர்காஸ்ட்" என்று ஒரு சேவை இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் இதுதான் என்று எடுத்துவிடுவீர்கள். அது ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் சில மணி நேரங்களை மட்டும் வெட்டி ஒட்டிய தொடர். அதாவது மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னது. நீங்கள் விவசாயிக்குச் சொல்வது ஒரு நாள், இரண்டு நாள் முன்னால். அதற்கு "ப்ரீவியஸ் ரன்ஸ்" என்ற வேறு சேவையை எடுக்க வேண்டும். தவறானதை எடுத்தால் மாதிரி உண்மையில் இருப்பதைவிடக் கெட்டிக்காரனாகத் தெரியும், அப்புறம் பருவத்தில் கைவிடும்.

நேரத்தை யூடிசியிலேயே வையுங்கள். அதில் ஒரு மணிக்கு எதிரே இருக்கும் மழை, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பெய்வது. ஆகவே 3 முதல் 3 வரை வேண்டும் என்றால் 4 மணி வரிசையில் தொடங்கி மறுநாள் 3 மணி வரிசை வரை கூட்டுங்கள்.

8. ஒப்பிடுதலும் திருத்துதலும்

ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டம் ஒப்பிடாதீர்கள். இமெர்ஜ் கட்டம் ஏறக்குறைய 11 கி.மீ., மாதிரியின் கட்டம் 28 கி.மீ., மழைமானியின் வாய் ஒரு சாண். மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்தினால் மூன்றுமே தப்பாகத் தெரியும். நான் ஊரைச் சுற்றி அரை பாகைப் பெட்டி போட்டு (இமெர்ஜில் 5-க்கு 5 கட்டம்) இமெர்ஜையும் மாதிரியையும் அதற்குள் சராசரி எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆம்-இல்லை கணக்கு. 15.6 மி.மீ.-க்கு மேல் (வானிலைத் துறை வகைப்பாட்டில் மிதமான மழை தொடங்கும் இடம்) என்று ஓர் எல்லை வையுங்கள். சொல்லிப் பெய்தது, சொல்லிப் பெய்யாதது, சொல்லாமல் பெய்தது, சொல்லாமல் பெய்யாதது என்று நாட்களை நான்கு பெட்டியில் போடுங்கள். நாலாவது பெட்டி எப்போதும் நிறைந்திருக்கும், அதை வைத்து "90 சதவீதம் சரி" என்று மார்தட்ட வேண்டாம்.

இப்போது கடல். "சொல்லிப் பெய்யாத" நாட்களை மட்டும் எடுத்து, அன்றைய இமெர்ஜ் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மழைமானி சொல்வது "இங்கே இல்லை" என்பது மட்டுமே. செயற்கைக்கோள்தான் அந்த மழை எங்கே போனது என்று சொல்லும். அந்த நாட்களில் பலவற்றில் மழை பெய்யாமல் போகவில்லை, நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே கடலிலேயே இறங்கிவிட்டிருந்தது. இது அளவுத் தவறு அல்ல, இடத் தவறு. இதைப் பெருக்கல் எண் போட்டுச் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்ட சூழலில் நான் அளவைச் சொல்வதை விட்டுவிட்டு "கடலோரத்தோடு நின்றுவிடவும் வாய்ப்புண்டு" என்று எழுதுகிறேன். இத்தனை உழைப்பில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த ஒரு வரிதான், விவசாயிகளும் இதைத்தான் அதிகம் மதிக்கிறார்கள்.

அளவுத் தவறுக்கு மட்டும் வரிசைப் பொருத்தம். இரண்டு பருவம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 184 நாள். முன்னறிவிப்பு எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு பத்தியிலும், பெய்த மழையை அதேபோல் பக்கத்துப் பத்தியிலும் அடுக்குங்கள், தேதியை மறந்துவிடுங்கள். உதாரணத்துக்கு, பத்தாவது இடத்தில் முன்னறிவிப்பு 38, பெய்தது 55 என்று இருந்தால், இனி மாதிரி 38 சொல்லும் நாளில் நீங்கள் 55 என்று எடுத்துக்கொள்கிறீர்கள். பெய்த மழை எது? புனே கட்டத் தரவும் இமெர்ஜ் ஃபைனலும் ஒத்துப்போனால் எதுவும் சரி, ஒத்துப்போகாத இடத்தில் நான் மழைமானிப் பக்கம்தான். தென்மேற்குப் பருவ நாட்களை இதில் கலக்காதீர்கள், அந்த மழையின் குணமே வேறு. பட்டியலின் உச்சியைத் தாண்டி மாதிரி ஒரு எண் சொன்னால் திருத்தாமல் விட்டுவிடுங்கள், அங்கே உங்களிடம் அனுபவம் இல்லை.

9. செயற்கைக்கோளை நம்பக்கூடாத இடங்கள்

நீலகிரி, வால்பாறை பக்கத்து நண்பர்களே, உங்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. மலைச்சரிவில் மோதி எழும் தாழ்ந்த மேகங்களின் மழையைச் செயற்கைக்கோள் குறைத்தே மதிப்பிடும். அது மழையை ஊகிப்பது குளிர்ந்த மேக உச்சியையும் பனித்துகளையும் வைத்து, இந்த மேகங்களின் உச்சி குளிராக இருக்காது, பனித்துகளும் அதிகம் இருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.-க்கு மேல் பெய்தது போன்ற நிகழ்வுகளுக்கு மழைமானியே கதி. நேர்மாறாக, இடிமழை ஓய்ந்தபிறகு மேலே பரந்து கிடக்கும் உயர்மேகத்தைப் பார்த்து, பெய்யாத மழையைப் பெய்ததாகவும் அது சொல்லும். கடலோரக் கட்டங்களில் பாதி நிலம் பாதி நீர், அங்கேயும் தடுமாற்றம் உண்டு.

10. அன்றாட நேர அட்டவணை

காலை 8.30: மழைமானி. மதியம் 1 மணி: 8.30 வரையிலான எர்லி தரவு அதற்குள் வந்திருக்கும், இறக்கிக் கூட்டுங்கள். மாலை 5 மணி: யூடிசி நள்ளிரவு ஓட்டத்தின் முன்னறிவிப்பை எடுத்துத் திருத்துங்கள். 6 மணிக்குள் அனுப்பிவிடுங்கள், அதற்கப்புறம் யாரும் வயலுக்குப் போகப்போவதில்லை. வானிலைத் துறையின் எச்சரிக்கை இருந்தால் அதை முதலில் போட்டுவிட்டு உங்கள் எண்ணைக் கீழே போடுங்கள், இரண்டும் முரண்பட்டால் உங்களுடையதைப் போடவே வேண்டாம்.

அப்புறம், திருத்தாத மூல எண்ணையும் திருத்திய எண்ணையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் தினமும் சேமியுங்கள். நான் முதல் பருவத்தில் திருத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டேன். ஜனவரியில் "உன் திருத்தத்தால் உண்மையில் ஏதாவது மேம்பட்டதா?" என்று ஒருவர் கேட்டபோது காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.